கல்லைக் கேட்டால் சொல்லாது, எங்களைக் கேளுங்கள்

போன இதழில் புத்தர் சிலை பற்றி நாலு வரி எழுதப்போய், தபால்காரர் கட்டுக் கட்டாகக் கடிதங்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டார். ஆகவே இந்தமுறை முழுக்கக் கல்தான். ராசிபலன், முடி உதிர்தல், மாமியார் விவகாரம் எல்லாம் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளட்டும்.

கண்டியில் பஹிரவகந்தப் புத்தரைவிடப் பழைய கற்சிலை ஏதும் உண்டா?
*– கட்டுகஸ்தோட்டை வாசகர்*

பஹிரவகந்தையில் இருப்பவர் கல்லே அல்ல, கொங்கிரீட். 88 அடி உயரம் என்றாலும் 1990களில் வந்து அமர்ந்தவர்தான். உங்கள் மூத்த பிள்ளையைவிட வயதில் இளையவராக இருக்கவும் கூடும்.

கல்தான் வேண்டுமென்றால் லேவெல்ல பக்கம் ஓர் ஆட்டோ பிடியுங்கள். மகாவலிக்கு அருகே கங்காராம விகாரை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் செய்வித்தது. அங்கு நின்ற பாறையையே செதுக்கி எடுத்த நின்ற கோலப் புத்தர், சுமார் 27 அடி. வேறெங்கோ செய்து வண்டியில் ஏற்றிவந்த சிலை அல்ல. முதலில் பாறை, அதற்குள்ளிருந்து சிலை, அதைச் சுற்றிக் கட்டடம் என்ற வரிசை. உள்ளே நுழைந்ததும் கண் சுவர் ஓவியங்களுக்குத்தான் ஓடும். அதை அடக்கி நிமிர்ந்து பாருங்கள்.

"இதுவும் 18ஆம் நூற்றாண்டுதானே, பழசு எங்கே?" என்று கேட்பீர்கள். கண்டி தலைநகரானதே பிந்தித்தான். கற்சிலையின் பெரிய கைகள் எல்லாம் அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வேலையை முடித்துவிட்ட பிறகு, அரசு மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து மலையேறியது. மலைநாட்டுக்கு வந்தபின் கல்லைவிடச் செங்கல்லும் சுதையும் மரமும் வண்ணமும்தான் அதிகம் பேசின.

புத்தருக்கு முதலில் சிலை வடித்தவர்கள் கிரேக்கர்கள் என்கிறாரே எங்கள் வாத்தியார், உண்மையா?
*– பேராதனை மாணவி*

உங்கள் வாத்தியார் சொல்வது நூறு வருடத்துக்கு முந்திய கட்சி, தங்கச்சி. பிரெஞ்சு அறிஞர் அல்பிரட் பூஷே அதன் தலைவர். காந்தாரத்துச் சிலைகளில் அலையலையான கேசம், கனத்த மடிப்புகளோடு தோள் இரண்டையும் மூடும் ஆடை, அப்பல்லோவை நினைவூட்டும் முகம் எல்லாம் இருப்பதைக் கண்டு, புத்தருக்கு உருவம் கொடுத்தது கிரேக்கக் கலை என்றார் அவர். ஐரோப்பாவும் சந்தோஷமாகத் தலையாட்டியது. நல்லது எதுவானாலும் தங்கள் வீட்டிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

அதற்கு எதிர்க்கட்சித் தலைவர் நம்மவர். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. அப்பா சேர் முத்து குமாரசுவாமி, அம்மா ஆங்கிலேயப் பெண்மணி. பொஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தபோது 1927இல் புத்தர் உருவத்தின் தோற்றம் பற்றிய நீண்ட கட்டுரையில் மதுராவைக் காட்டினார். புத்தர் சிலை தோன்றுவதற்கு முன்பே அங்கே ஆளுயரத்துக்கு மேல் யட்சர் சிலைகள் இருந்தன. அகன்ற மார்பு, திறந்த வலது தோள், உள்ளே மூச்சு நிறைந்தது போன்ற உடல். யோகியின் அமர்கையும் இந்த மண்ணில் பழையது. அப்படியிருக்க உருவத்தைக் கடன் வாங்க வேண்டிய அவசியம் என்ன என்பது அவர் கேள்வி.

இன்று இந்தச் சண்டை முன்போல் சூடாக இல்லை. குஷாணர் காலத்தில், கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டுகளையொட்டி, காந்தாரத்திலும் மதுராவிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் சிலைகள் எழுந்தன என்ற இடத்துக்குப் பலர் வந்துவிட்டார்கள். கனிஷ்கனின் நாணயம் ஒன்றில் நிற்கும் புத்தருக்குப் பக்கத்தில் கிரேக்க எழுத்தில் அவர் பெயர் பொறித்திருக்கிறது. ஆள் இந்தியர், எழுத்து கிரேக்கம், அடித்தவன் மத்திய ஆசியாவிலிருந்து வந்த அரசன். வாத்தியாரிடம் இதைக் காட்டி, எந்தக் கட்சி என்று கேளுங்கள்.

குமாரசுவாமிக்கும் கண்டிக்கும் என்ன சம்பந்தம்?
*– மேற்படி மாணவியின் தோழி*

இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதியிருக்கலாம், முத்திரைச் செலவு மிச்சம்.

அவர் படித்தது கலை அல்ல, நிலவியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுப் பணிப்பாளர். தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்தவரும் அவரே. கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களைச் சுற்றியவரின் கண் அங்கிருந்த கம்மாளர், தச்சர், சித்திரக்காரர் மேல் விழுந்தது. அவர்கள் வறுமைப்பட்டு, பரம்பரைத் தொழிலை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதன் விளைவுதான் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெரிய நூல். 1908இல் இங்கிலாந்தில், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில் அச்சானது; 425 பிரதிகள் மட்டும். கண்டிக் கைவினைஞர்களைப் பற்றி எழுத இன்றைக்கும் அதைத் தொடாமல் முடியாது. அதை எழுதியவர் தமிழ்த் தகப்பனின் பிள்ளை என்பதை இரண்டு பக்கத்தாரும் அவ்வப்போது மறந்துவிடுவது வசதிதான்.

புத்தர் தலையில் இருப்பது நத்தைகளாமே?
*– ஒன்பது வயது வாசகி, அக்குறணை*

வெயிலில் தியானம் செய்தவரின் தலை சுடாமலிருக்க 108 நத்தைகள் ஏறி உட்கார்ந்தன என்று ஒரு கதை உண்டு, கண்ணு. கதை அழகு. ஆனால் சிற்பி செதுக்கியது வலப்புறம் சுருண்ட முடியைத்தான். நத்தை என்றால் கொம்பு எங்கே?

ஒரு புத்தர் சிலையைப் பார்த்ததும் இது எந்தக் காலம், எந்த ஊர்த் தாக்கம் என்று சொல்ல வழி உண்டா? வழிகாட்டி சொல்வதை நம்புவதா?
*– நாவலப்பிட்டி வாசகர்*

முகத்தைப் பார்க்காதீர்கள் ஐயா, எல்லா முகமும் சாந்தமாகத்தான் இருக்கும். உடுப்பைப் பாருங்கள்.

சீவரத்தின் மடிப்புத்தான் சாட்சி. அவுக்கனவில் நிற்கும் சிலைக்கு உடலெங்கும் நெருக்கமான மடிப்புகள், வலது தோள் திறப்பு. இந்த வழி ஆந்திரத்து அமராவதியிலிருந்து வந்தது. கிருஷ்ணா நதிக்கரைச் சுண்ணக்கல்லில் பழகிய கை, கடல் கடந்து இங்கே கடினமான பாறையில் ஏறியது. அமராவதிப் பாணியிலும் நம் பக்கத்திலும் அமர்ந்த புத்தர் பெரும்பாலும் ஒரு காலின் மேல் மறுகாலை வைத்து வீராசனத்தில் இருப்பார். வடக்கே இரு உள்ளங்காலும் மேலே தெரியும் பத்மாசனம். இதை ஒன்று கவனித்தாலே பாதி வழிகாட்டிகளைவிட நீங்கள் கெட்டிக்காரர்.

அநுராதபுரத்துச் சமாதிச் சிலைக்குப் போனால் மடிப்பே இல்லை. துணி இருப்பது தோளிலும் விளிம்பிலும்தான் தெரியும், மற்றதெல்லாம் வழவழப்பு. நேரு தெஹ்ராதூன் சிறையில் இருந்தபோது மேசையில் வைத்துக்கொண்டது இந்த அநுராதபுரத்துப் புத்தரின் படத்தைத்தான். பொலன்னறுவை கல்விகாரையில், 12ஆம் நூற்றாண்டில், மடிப்பு மறுபடி வருகிறது, ஆனால் இரட்டைக் கோடுகளாக. அங்கே சயனக் கோலத்துச் சிலையில் நான் எப்போதும் பார்ப்பது முகத்தை அல்ல, தலையணையை. தலை பதிந்த இடத்தில் அது கொஞ்சம் அமுங்கியிருக்கும். பஞ்சுக்கு வர வேண்டிய குழிவைக் கருங்கல்லுக்கு வரவைத்தவன் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. கால் பக்கம் போனால் இரண்டு பாதமும் சரியாகப் பொருந்தாமல் மேற்பாதம் சற்றுப் பின்வாங்கியிருக்கும். தூங்குபவர் அல்ல, பரிநிர்வாணம் அடைந்தவர் என்பதற்கு அதுவே அடையாளம் என்பார்கள்.

கண்டிக் காலத்துக்கு வந்தால் மடிப்பு முழுக்க நீரலையாக நெளிந்து ஓடும். சுதையும் வண்ணமும் அந்த நெளிவுக்கு இடம் கொடுத்தன. உச்சியில் சுடர் ஒன்றும் கட்டாயம் இருக்கும். பழைய அநுராதபுரச் சிலைகளில் வெறும் மேடு மட்டும். பின்னாளில்தான் தீக்கொழுந்து முளைத்தது. நாகபட்டினத்து வெண்கலப் புத்தர்களுக்கும் அதே கொழுந்து உண்டு, தாய்லாந்துச் சிலைகளுக்கும் உண்டு. வங்காள விரிகுடாவை ஒரு குளம் மாதிரி பாவித்துப் பிக்குமாரும் வணிகரும் போய்வந்த காலம்.

கடலாதெனிய விகாரைக்குப் போனேன். தூணும் அடித்தளமும் நம்மூர்ச் சிவன் கோயில் மாதிரியே. வாசலில் விளக்கம் 'விஜயநகரப் பாணி' என்கிறது. சரியா?
*– கம்பளை வாசகர்*

உங்கள் கண் சரி. விளக்கத்துக்குத்தான் ஒரு கேள்வி வைக்க வேண்டும்.

கடலாதெனிய 1344இல் எழுந்தது. நாலாம் புவனேகபாகு கம்பளையிலிருந்து ஆண்ட காலம். எழுப்பச் சொன்னவர் தர்மகீர்த்தி தேரர், செய்தவர் கணேஸ்வராச்சாரி என்ற தென்னிந்திய ஸ்தபதி. பாறை மேல் கல்வெட்டு இருக்கிறது. படியின் இரு பக்கமும் யானையும் சிங்கமும் கலந்த பிராணி. உள்ளே மகர தோரணத்தின் கீழ் அமர்ந்த புத்தர். நம் கோயிலில் திருவாசி இருக்கும் இடம் அது. மேலே கூரையில் விமானத்துக்குப் பதில் தாகோபம் போன்ற குவிமாடம். கீழே கோயில், மேலே தாதுகோபம். ஸ்தபதி தனக்குத் தெரிந்ததை அடியிலிருந்து தொடங்க, தேரர் தனக்கு வேண்டியதை உச்சியில் வாங்கிக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி 'விஜயநகரம்'. அந்த அரசு தொடங்கியதே 1336 என்கிறார்கள். எட்டே வருடத்தில் ஒரு பாணி உருவாகி, பெயர் எடுத்து, கடல் தாண்டி, மலையேறி வந்துவிடுமா? கணேஸ்வராச்சாரி தொழில் கற்றபோது விஜயநகரம் என்ற பெயரே இருந்திருக்காது. அவர் கற்றது பாண்டிய நாட்டுக் கடைசிக் காலத்துக் கல்வேலையாகத்தான் இருக்க வேண்டும். 1311இல் மாலிக் கபூர் படை மதுரைக்கு வந்தது. பின்னர் அங்கே சுல்தான்கள் ஆண்டார்கள். பெரிய கோயில் வேலை நின்றுபோன ஊரில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கம்பளை அரசனின் அழைப்பு கசந்திருக்காது. இது என் ஊகம்தான். ஆனால் அந்த ஒற்றை வரி விளக்கத்தைவிட ஆண்டுக்கணக்கு இதற்கு ஒத்துவருகிறது.

பக்கத்து மலையில் லங்காதிலக. அதுவும் அதே 1344. செய்வித்தவர் சேனாலங்காதிகார என்ற அமைச்சர், கட்டியவர் ஸ்தபதி ராயர். இங்கே கல்லைவிடச் செங்கல் அதிகம். பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. அரச காரியம் இரு மொழியிலும் எழுதப்பட வேண்டும் என்பதற்கு 14ஆம் நூற்றாண்டில் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. சுற்றி வந்தால் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தன் எல்லாரும் தத்தம் மாடங்களில் இருக்கிறார்கள். விபீஷணனுக்கு இவ்வளவு மரியாதை தரும் ஊர் வேறு இல்லை. நம் பக்கத்தில் அவரை வீட்டைக் காட்டிக் கொடுத்தவர் என்று பேசிப் பழகிவிட்டோம்.

அப்படியானால் இவையெல்லாம் தமிழன் கட்டியவை என்று மார்தட்டலாமா?
*– கொழும்பு 13 வாசகர்*

தட்டுங்கள், மெதுவாக. ஸ்தபதி நம் பக்கத்து ஆள். கேட்டது சிங்களத் தேரர், காசு கொடுத்தது கம்பளை அரசு, கல் அந்த மலையுடையது, கும்பிட்டது அந்த ஊர்ச் சனம். மகர தோரணத்தை மட்டும் பிரித்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இன்னொன்று: சிங்களச் சிற்பிகள் கைவசம் 'சாரிபுத்ர' என்ற சமஸ்கிருத அளவு நூல் இருந்தது. புத்தரின் ஒவ்வோர் அங்கமும் முகத்தின் அளவில் எத்தனை பங்கு என்று அது கணக்குச் சொல்லும். நம் சிற்ப சாஸ்திரத்தின் தாளக் கணக்கும் அதே வழிதான். ஒரே அளவுகோலை வைத்து இரண்டு ஊர்க்காரர் வேலை செய்ததில் ஒருவர் மட்டும் மார்தட்டினால் மற்றவர் இருமுவார்.

இரவோடிரவாகப் புத்தர் சிலைகள் முளைக்கும் நாட்டில் நீங்கள் புத்தர் சிலைக் கலையைப் பாராட்டி எழுதுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?
*– திருகோணமலை வாசகர்*

இல்லை. கோபம் உண்டு, அது வேறு கணக்கு. 2005 மே மாதம் உங்கள் ஊர்ச் சந்தைப் பக்கம் திடீரென்று ஒரு சிலை தோன்றி ஊரே கொதித்தது எனக்கும் நினைவிருக்கிறது. அதை வைத்தவருக்கு வேண்டியிருந்தது இடம். தலையணையில் குழிவு செதுக்கியவனுக்கு வேண்டியிருந்தது சிலை. உங்கள் ஊரிலேயே வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் அதன் பெயர் ராஜராஜப் பெரும்பள்ளி. தமிழ்ப் பௌத்தர்கள் தமிழில் தானம் எழுதிவைத்த பள்ளி. புத்தரையே எதிராளிக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் அந்தக் கல்வெட்டுகளை யார் படிப்பது?

எங்கள் ஊர் முனியப்பன் புத்தர் என்கிறார்களே?
*– சேலத்திலிருந்து*

சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபட்ட சிலையைத் தொல்லியல் துறை பார்த்துப் புத்தர் என்று அறிக்கை கொடுக்க, 2022இல் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. உங்கள் மாவட்டத்திலேயே தியாகனூரில் பெரிய கற்புத்தர்கள் இருக்கிறார்கள். காஞ்சி காமாட்சி கோயிலிலிருந்து போன நின்ற புத்தர் எழும்பூர் அருங்காட்சியகத்தில். கண்டியில் புத்தருக்குப் பக்கத்தில் கந்தன் நிற்கிறான். சேலத்தில் புத்தரே முனியப்பன் ஆனார். கடலின் இரு கரையிலும் சனங்கள் கடவுளிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டதில்லை, நீதிமன்றம்தான் கேட்கும்.

தலதா மாளிகைக்கு எதிரே உள்ள சின்னக் கல் கோயில் யாருடையது?
*– பதுளை வாசகி*

நாத தேவாலயம். கண்டி நகரில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது அதுதான், 14ஆம் நூற்றாண்டு. நாத தெய்வம் மகாயானத்து அவலோகிதேஸ்வரர். கோயிலின் உருவம் திராவிடம், நாடு தேரவாதம். கண்டி அரசர்கள் பட்டப்பெயர் சூடியதும் இங்கேதான். எல்லாரும் செருப்பைக் கழற்றிக்கொண்டு நேரே தலதா மாளிகைக்கு ஓடுவதால் இங்கே கூட்டம் இருக்காது. அதுவே ஒரு காரணம் போவதற்கு.

புத்தர் சிலைக்குக் கண் வைப்பவர் கண்ணாடியைப் பார்த்துத்தான் தீட்டுவாராமே, ஏன்?
*– மாத்தளை வாசகர்*

நேத்திர மங்கலம். சிலை முழுதாக முடிந்த பிறகும் கண் தீட்டும்வரை அது வெறும் கல், வெறும் உலோகம். கண்டி அரசனிடம் 19 வருடத்துக்கு மேல் கைதியாக இருந்து 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். கைதிக்கு வேறு வேலை இல்லாததால் நமக்கு நல்ல புத்தகம் கிடைத்தது.

கண் திறக்கும் அந்தக் கணத்துப் பார்வையை நேருக்கு நேர் ஏற்கக்கூடாது என்பது நம்பிக்கை. ஆகவே சித்திரக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டு, முன்னே பிடித்த கண்ணாடியில் சிலையின் முகத்தைப் பார்த்தபடி தோளுக்கு மேலாகத் தூரிகையை நீட்டுவார். முடிந்ததும் கண்ணைக் கட்டி வெளியே அழைத்துப் போவார்கள். கட்டை அவிழ்த்ததும் அவர் பார்வை முதலில் படும் பொருளை அவரே வாளால் வெட்ட வேண்டும். தோஷம் அதோடு போய்விடும். குமாரசுவாமி இதை விவரமாக எழுதியிருக்கிறார். மைக்கல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்' நாவலிலும் இந்தச் சடங்கு வருகிறது. நம்மூர் ஸ்தபதிகள் தங்க ஊசியால் கண் திறப்பார்கள். அங்கேயும் ஆட்கள் எதிரே நிற்காமல் ஒதுங்குவது உண்டு. கன்றோடு பசுவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நாயக்கர்தானே? சைவன் எதற்கு விகாரை கட்டினான்?
*– ஹட்டன் வாசகர்*

அரசனாக இருக்க வேண்டுமென்றுதான், தம்பி. 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அற்றுப்போன உபசம்பதாவை, அதாவது பிக்குகளின் முழுத் துறவேற்பை, மீட்டது அவன் ஆட்சியில். தம்புள்ளை குகைகளைப் புதுப்பித்தான், தெகல்தொருவையைத் தொடங்கினான். அப்படியிருந்தும் நெற்றியில் நீறு பூசுகிறான் என்று முணுமுணுத்து, 1760இல் அவனைத் தீர்த்துவிட்டுச் சீய இளவரசன் ஒருவனை உட்காரவைக்கச் சதி நடந்தது. பிழைத்துக்கொண்டான். பிழைத்த பிறகும் விகாரை வேலையை நிறுத்தவில்லை. பக்தியா, அரசியலா என்று பிரிக்க நான் முயலமாட்டேன். கங்காராமப் பாறையைப் பார்த்தால் கணக்குக்காக மட்டும் செய்வித்தது போலத் தெரியவில்லை.

நாலந்தா கெடிகே பல்லவர் கட்டியதா?
*– தம்புள்ளை வாசகர்*

பல்லவர் பாணி, பௌத்த விகாரை. மாத்தளைக்கு வடக்கே ஏ9 வீதியில் பலகை பார்த்துத் திரும்பினால் மாமல்லபுரத்து இரதம் ஒன்று வழிதவறி வந்து நிற்பதுபோல் இருக்கும். 8 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். மகாவலித் திட்டத்தில் போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீரில் மூழ்காமல் கல் கல்லாகக் கழற்றி உயரமான இடத்தில் மறுபடி பொருத்தினார்கள். ஆகவே நீங்கள் பார்ப்பது பழைய கல், புதிய இடம்.

புத்தருக்கு முதுகு காட்டி செல்பி எடுத்தால் பிடிப்பார்களா?
*– லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் வாசகர்*

பிடிக்கலாம். காவலாளி முதலில் விசில் அடிப்பார், பிறகு படத்தை அழிக்கச் சொல்வார். 2014இல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த உங்கள் நாட்டுப் பெண் ஒருவரை விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்தினார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உங்களுக்கு மூன்று வருடம் வழக்காட நேரம் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பக்கவாட்டில் நின்று எடுங்கள்.

கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?
*– வத்தளைக் குடும்பம்*

தாராளமாக. கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பிலிமத்தலாவை வந்து உள்ளே திரும்புங்கள். கடலாதெனியவைக் காலையிலேயே முடியுங்கள். வெறும்பாறை, பத்து மணிக்கு மேல் உள்ளங்கால் வேகும். தடித்த காலுறை போட்டுக்கொள்ளத் தடையில்லை. லங்காதிலகப் படிகள் செங்குத்து, பாட்டியைக் கைபிடித்து ஏற்றுங்கள். வழியில் பித்தளை விளக்குக் கடைகள் வரும். பேரம் பேசாமல் வாங்கினால் கடைக்காரரே ஏமாற்றம் அடைவார். போயா நாளில் போனால் கூட்டம், போகாவிட்டால் கதவு பூட்டி, சாவி வைத்திருப்பவரைத் தேட வேண்டி வரலாம். எம்பெக்கேயில் மல்யுத்தக்காரர், அன்னம், இருதலைப் பறவை என்று தூணுக்குத் தூண் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஆனால் அது எல்லாம் மரம். மரத்தைப் பற்றி வேறு கடிதம் போடுங்கள், இந்த இதழில் கல்லுக்கே இடம் போதவில்லை.